பைக்கில் போய்ப் பாறை ஏற: வாசகர் கேள்வி-பதில்

வார இறுதியில் நண்பரோடு பைக்கில் கிளம்பி, பாறை ஏறிவிட்டுத் திரும்ப நினைக்கும் வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சித்தூர், நகரி, குப்பம், பலமனேர் பக்கத்திலிருந்தும், இந்தப் பக்கம் குடியாத்தம், பள்ளிப்பட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். கயிறு கட்டுவதையும் பிடிப்பதையும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும். அப்படிக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள் உதவும்.

கே: நானும் நண்பனும் ஒரே 150 சிசி வண்டியில் சனிக்கிழமை காலை கிளம்பி, பலமனேர் பக்கம் பாறை ஏறிவிட்டு அன்றைக்கே திரும்பலாம் என்று இருக்கிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?
— கல்லூரி மாணவர், சித்தூர்

கிளம்பும் நேரத்தைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஜனவரியில் இங்கே 6 மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடுகிறது. பலமனேர் சித்தூரைவிட 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் திரும்பும் வழியில் மொகிலி மலைப்பாதை முழுக்க இறக்கம். பெங்களூரு லாரிகள் ஓயாமல் போகிற சாலை அது. அந்த இறக்கத்தை நல்ல வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். அதனால் பாறையடியிலிருந்து 3.30 மணிக்குள் வண்டி நகர வேண்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் முன்கை. மூன்று, நான்கு மணி நேரம் பாறையைப் பிடித்துத் தொங்கிய பிறகு, விரல்களை மடக்கும் தசைகள் கல் மாதிரி இறுகிவிடும். பிரேக்கையும் கிளட்சையும் இழுப்பதும் அதே தசைகள்தான். ஏறி முடித்த உடனே ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து பாருங்கள், புரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானால் வண்டி 8 மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். பாறையில் கயிறு காப்பாற்றும்; திரும்பும் சாலையில் அந்தக் கயிறு கிடையாது.

ஆகவே காலை வெளுக்கும்போது, 6.15 வாக்கில் கிளம்புங்கள். 7.30 முதல் 11 வரை ஏறுங்கள். அதற்கு மேல் வெயிலே உங்களை நிறுத்திவிடும். சாப்பிட்டு, நிழலில் ஒரு மணி நேரமாவது படுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் கரைத்து ஆளுக்கு ஒரு லிட்டர் குடியுங்கள். அன்று குறைவாக ஏறியவர் வண்டி ஓட்டட்டும். யார் ஓட்டப் போகிறார் என்பதைக் காலையிலேயே பேசி வைத்துவிட்டால், அவர் கடைசி ஏற்றத்தை விட்டுக்கொடுப்பது எளிது.

ஒரே வண்டி என்பதையும் மறுபடி யோசியுங்கள். 60 மீட்டர் கயிறு 3.8 கிலோ. ஹார்னஸ் (கயிற்றோடு உடம்பைச் சேர்க்கும் இடுப்புப் பட்டை), ஹெல்மெட், ஷூ இரண்டிரண்டு செட் சேர்த்து இரண்டரை கிலோ. காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி), ஸ்லிங் (வளையமாகத் தைத்த பட்டை) எல்லாம் ஒரு இரண்டரை. நங்கூரத்துக்கான, அதாவது பாறை உச்சியில் ஏறும் கயிற்றை மாட்டும் பிடிமானத்துக்கான கயிறு ஒன்றரை. தண்ணீர் 8 லிட்டர். சாப்பாடு, முதலுதவிப் பெட்டி, வண்டி ஸ்பானர்கள் எல்லாம் சேர்த்தால் 22 கிலோ வந்துவிடும். ஆளுக்கு 70 கிலோ என்றால் மொத்தம் 162. உங்கள் வண்டியின் மேனுவலில் சுமை வரம்பு போட்டிருக்கும். பல வண்டிகளுக்கு அது 130 முதல் 150 கிலோவுக்குள்தான். முடிந்தால் இரண்டு வண்டியில் போங்கள். ஒன்று பஞ்சரானால் இன்னொன்றில் போய் ஆளைக் கூட்டி வரலாம். ஒருவருக்கு அடிபட்டாலும் அது உதவும். ஒரே வண்டிதான் என்றால், தண்ணீரைப் பாறைக்குப் பக்கத்து ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். அதிலேயே 6 கிலோ குறையும்.

கே: கயிற்றை வண்டியில் எங்கே கட்டுவது? சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது, பெட்ரோல் டேங்க் மேலும் வைக்கலாம். பின்னால் கொக்கி ரப்பரில் கட்டினால் போதாதா?
— இருசக்கர வாகன மெக்கானிக், குடியாத்தம்

மெக்கானிக்காக இருக்கும் உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் தினமும் துடைக்கிறீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலம் நைலானை அரித்துவிடும். ஏறும் கயிறு நைலான். அமிலம் பட்ட இடத்தில் கயிற்றின் நிறம்கூட மாறாமல் இருக்கலாம். கையால் தடவினாலும் தெரியாமல் போகலாம். ஆனால் ஒரு ஆளின் எடை விழும்போது அந்த இடத்தில் அறுந்துவிடும். இப்போது வரும் சீல் வைத்த பேட்டரிகள் லேசில் கசிவதில்லை. ஆனால் விரிசல் விட்ட பேட்டரியும், ஓவர்சார்ஜ் ஆகி வாயு விடும் பேட்டரியும் உங்கள் கடைக்கு எத்தனை வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலான வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் பக்கவாட்டு மூடிக்குள்ளும் பேட்டரிதான் இருக்கிறது. அங்கே கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் எதையும் வைக்காதீர்கள். உங்கள் கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் மூலையிலும் கயிற்றுப் பையைக் கீழே போடாதீர்கள்.

அமிலம் பட்டதோ என்று சந்தேகம் வந்தாலே அந்தக் கயிறு அவ்வளவுதான். துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாக விட்டு வைத்தால் யாராவது ஒருநாள் எடுத்துக்கொண்டு போய் ஏறிவிடுவார்கள்.

அடுத்தது சூடு. சைலன்சரின் முன் வளைவு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நைலான் உருகுவது 220 டிகிரியை ஒட்டி. டைனீமா ஸ்லிங், அதாவது மெல்லிய வெள்ளை ஸ்லிங், 145 டிகிரியிலேயே உருகிவிடும். பக்கவாட்டில் தொங்கும் சேடில் பேக் இறங்கி சைலன்சரில் உட்கார்ந்தால் பைக்குள் இருக்கும் ஸ்லிங் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்படி ஒட்டிய ஸ்லிங்கைப் பிரித்தெடுத்து உபயோகிக்கக் கூடாது. சைலன்சர் பக்கத்துப் பையில் தண்ணீர், சாப்பாடு, ஸ்பானர்களை வையுங்கள். துணிச் சாமான்கள் மறுபக்கம் இருக்கட்டும்.

பெட்ரோல், இன்ஜின் ஆயில், செயின் ஸ்பிரே இவற்றிலிருந்தும் கயிறு தள்ளியே இருக்க வேண்டும். டேங்க் மேல் வைத்தால் மூடியோரம் கசியும் பெட்ரோலும் நாள் முழுக்க அடிக்கும் வெயிலும் சேர்ந்து படும்.

எங்கே வைப்பது என்று கேட்டால்: கயிற்றை அதற்கென்று உள்ள பையில் போட்டு, அந்தப் பையைத் தோள்பைக்குள் வைத்து, பின்னால் உட்காருபவர் முதுகில் மாட்டிக்கொள்வதுதான் நல்லது. பையின் அடிப்பாகம் சீட்டில் உட்கார்ந்திருக்கும்படி வாரைத் தளர்த்துங்கள். எடை தோளில் தொங்கினால் 50 கிலோமீட்டரில் கழுத்து பிடித்துக்கொள்ளும். தனியாகப் போகிறவர் பின்சீட்டில் படுக்க வைத்துக் கட்டலாம். கொக்கி ரப்பரைத் தவிர்த்து, பக்கிள் வைத்த பட்டையால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். ரப்பர் குழியில் குலுங்கும்போது நீளும், கொக்கி கழன்றுவிடும். கட்டிய பிறகு மிஞ்சும் பட்டை நுனியை உள்ளே செருகி முடிச்சுப் போடுங்கள். காற்றில் ஆடும் ஒரு சாண் நுனி செயினுக்குள் போனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கே: எங்கள் ஊர்க் கடையில் 12 மில்லி நைலான் கயிறு கிடைக்கிறது. கிணற்றில் மோட்டார் இறக்கவே அதைத்தான் உபயோகிக்கிறார்கள். ஏறும் கயிறு என்று பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?
— விசைத்தறித் தொழிலாளி, நகரி

மோட்டார் மெதுவாக இறங்குகிறது, மனிதர் விழுகிறார். வித்தியாசம் அங்கேதான். விழும் உடம்பைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வெட்டு இடுப்பெலும்பிலும் முதுகிலும் வந்து விழும். ஏறுவதற்கென்று செய்த டைனமிக் கயிறு நீண்டு, அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இஎன் 892 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, 80 கிலோ எடையை வைத்துச் சோதிக்கும் முதல் விழுதலில் ஒற்றைக் கயிறு 40 சதவீதத்துக்கு மேல் நீளக் கூடாது, விழுகிற எடைக்குப் போகும் விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது, குறைந்தது 5 விழுதலைத் தாங்க வேண்டும். 12 கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய 1,200 கிலோ தொங்கும் விசை. கடைக் கயிற்றுக்கு இப்படி எந்தச் சோதனையும் கிடையாது. நைலான் என்று சொல்லி விற்பது பாலிபுரொப்பிலீனாகவும் இருக்கலாம். அது 165 டிகிரியிலேயே உருகிவிடும். கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்த உதவும் பிலே கருவியில் வேகமாக ஓடினாலே உரசலில் மேற்பரப்பு வழவழப்பாகி, பிடி வழுக்கும்.

தறியில் வேலை செய்யும் நீங்கள் ஒரு ஏறும் கயிற்றின் வெட்டிய முனையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவே முறுக்கிய வெள்ளை இழைக் கற்றைகள் தனித்தனியாக இருக்கும்; அவைதான் எடையைத் தாங்குகின்றன. அதைச் சுற்றிப் பின்னிய உறை, இழைகளைக் காக்கிறது. உறை கிழிந்து உள்ளே வெள்ளை தெரிந்தாலும், விரலால் அழுத்தி உருட்டும்போது ஒரு இடம் மட்டும் சதசதவென்று மெத்தென இருந்தாலும், அந்தக் கயிறு வேண்டாம். கயிறு மடியும் வளைவு சீராக இல்லாமல் ஒரு புள்ளியில் கூர்மையாக மடிந்தாலும் அப்படியே.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. இந்தப் பக்கம் ஆரம்பக்காரர்கள் ஏறும் பாறைகள் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். மேலே போய்த் திரும்பிக் கீழே வர வேண்டும் என்பதால் கயிற்றின் பாதி நீளத்தைவிடப் பாறை குறைவாக இருக்க வேண்டும். 40 மீட்டர் கயிறு 17, 18 மீட்டர் வரை போதும். நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம். ஆனால் யாரோ உபயோகித்த கயிற்றை, அதன் வரலாறு தெரியாமல் வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை போகிறவர்களுக்கு ஒரு கயிறு 5 வருஷம் வரை வரும். தொடாமலே வைத்திருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் உபயோகிக்கக் கூடாது.

கே: பைக் ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டு ஏறலாமா?
— அரசு ஊழியர், பள்ளிப்பட்டு

கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற முழு ஹெல்மெட் ஒரு கிலோவுக்கு மேல் வரும்; மேலே நிமிர்ந்து பார்க்க விடாது, நண்பர் போடும் சத்தம் காதில் விழாது. ஏறும் ஹெல்மெட் 300 கிராம் அளவுதான். மேலிருந்து விழும் கல்லுக்கென்று செய்தது. இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதும் அதே அளவு தவறு. இரண்டும் வேண்டும், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. கீழே நின்று கயிறு பிடிப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும். கல் விழுவது பெரும்பாலும் அவர் தலையில்தான்.

கே: குப்பத்தைச் சுற்றி மொட்டைப் பாறைகள் நிறைய இருக்கின்றன. நகரி மலை மாதிரி செங்குத்தான பாறைக்குப் போவது நல்லதா, இங்கேயே ஏறலாமா?
— வங்கி ஊழியர், குப்பம்

இங்கேயே ஆரம்பியுங்கள். குப்பம், பலமனேர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பது கிரானைட்டும் அதன் உறவான நைஸ் பாறையும். சரிவாக, வழவழப்பாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் உப்புக்கல் அளவு படிகங்கள் துருத்திக்கொண்டிருக்கும். பிடிக்க ஒன்றும் இராது. எடை முழுவதையும் கால் நுனியில் வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, உடம்பைப் பாறையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். பயந்து பாறையோடு ஒட்டிப் படுத்தால் கால் வழுக்கும். புதிதாக வருபவர்கள் சறுக்குவதெல்லாம் இப்படித்தான்.

நகரி, புத்தூர் மலைகள் குவார்ட்சைட். கடப்பைப் பாறைத் தொகுதியைச் சேர்ந்த அந்தப் பாறைக்கு நிலவியலாளர்கள் நகரி குவார்ட்சைட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடுக்கடுக்காகப் பிளந்திருப்பதால் கைப்பிடி தாராளம். ஆனால் விளிம்புகள் கத்தி போல இருக்கும், தட்டினால் பெட்டி பெட்டியாகக் கழன்றும் வரும். பிடிக்கும் முன் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பிடிக்கலாம், பொத்தென்றால் வேறு பிடி தேடுங்கள். கயிறு விளிம்பில் படும் இடத்தில் இரண்டு மடிப்புச் சாக்கோ பழைய கேன்வாஸோ போட்டு, அதையும் நழுவாமல் கட்ட வேண்டும்.

குப்பம் பக்கம் இன்னொரு எச்சரிக்கை: கல்குவாரி. கைவிட்ட குவாரிச் சுவர் நேராக, உயரமாக, ஆசைகாட்டுவதாக இருக்கும். வெடி வைத்துப் பிளந்த பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். ஓடும் குவாரிப் பக்கமும் போகாதீர்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம். மார்ச்சுக்கு மேல் காலை 9 மணிக்கே பாறை கொதிக்கும். ஷூவின் ரப்பர் இளகிப் பிடி போய்விடும், விரல் நுனி வியர்க்கும். மேற்குப் பார்த்த பாறையில் காலையில் நிழல், கிழக்குப் பார்த்ததில் மாலையில் நிழல். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பாறையில் கறுப்பாகப் பாசி படிந்த கோடுகள் இருக்கும். காய்ந்திருக்கும்போது பிடிக்கும், கொஞ்சம் ஈரம் பட்டாலும் சோப்பு மாதிரி வழுக்கும்.

மலைத்தேனீக்களை மறந்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில் பிதுங்கிய முகட்டுக்கு அடியில் அரைவட்டமாகக் கறுத்துத் தொங்கும். கீழே நின்று பாறை முழுவதையும் கண்ணால் அளந்து பார்த்து, ஒரு கூடு தெரிந்தாலும் வேறு பாறைக்குப் போய்விடுங்கள். சென்ட், புகை, கூச்சல் மூன்றும் ஆகாது.

கே: கயிறு இல்லாமல் கோயில் மலையின் பின்பக்கமாகக் கைகால் ஊன்றி ஏறிப் பழகலாமா? சரிவு அதிகமில்லை.
— பள்ளி ஆசிரியர், புத்தூர்

ஏறிவிடலாம், இறங்க முடியாது. ஏறும்போது கால் வைக்கும் இடம் கண் முன்னே இருக்கிறது. இறங்கும்போது அது வயிற்றுக்குக் கீழே மறைந்துவிடும். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே குறும்பாச்சி மலையில் ஒரு இளைஞர் பாறை இடுக்கில் சிக்கி, சோறு தண்ணீர் இல்லாமல் 40 மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். கடைசியில் ராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கித்தான் அவரை மேலே தூக்கினார்கள். உங்கள் மாணவர்களும் பின்னாலேயே வருவார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கயிறில்லாமல் பழக வேண்டுமென்றால், தலை உயரத்துக்கு மேல் போகாமல் பாறையடியில் பக்கவாட்டாக நகர்ந்து பழகுங்கள். கீழே மணலாக, கல் இல்லாமல் இருக்க வேண்டும். கோயில் இருக்கும் பாறையில், ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் கேட்காமல் கை வைக்க வேண்டாம். ஆணி, போல்ட் அடிப்பது அறவே கூடாது. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் இருப்பது போன்ற பழைய பாறை ஓவியங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. வெள்ளையாகவோ செங்காவியாகவோ கோடுகள் தெரிந்தால் அந்தப் பாறையில் கையில் பூசும் சாக்பொடி கூடப் படக் கூடாது.

கே: மேலே போல்ட் எதுவும் இல்லை. மரமும் சின்னது. பாறை உச்சி வரை வண்டி போகும். வண்டியில் கயிற்றைக் கட்டி இறக்கலாமா?
— தனியார் நிறுவன ஊழியர், வேலூர்

வேண்டவே வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கயிறு மேலே ஒரு காரபைனரில் திரும்பிக் கீழே வருகிறது. 70 கிலோ ஆள் ஒரு பக்கம் தொங்கினால், மறுபக்கம் பிடிப்பவரும் இழுக்கிறார். உரசலைக் கழித்தாலும் நங்கூரத்தில் 110 கிலோவுக்கு மேல் வரும். சறுக்கும் நொடியில் 200 கிலோவைத் தாண்டும். உங்கள் வண்டியே 150 கிலோ. அதுவும் இரண்டு சக்கரத்தில், ஒரு ஸ்டாண்டில் நிற்கிறது.

நங்கூரத்துக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பிடிமானங்களைத் தேடுங்கள். மரம் என்றால் உயிருள்ளதாக, மண்ணில் வேர் பிடித்ததாக, தொடையளவு பருமனாக இருக்க வேண்டும். பாறை இடுக்கில் முளைத்த அத்தி, ஆல் கன்றுகள் உறுதியாகத் தெரியும். வேர் ஒரு கைப்பிடி மண்ணில்தான் இருக்கும். உருண்டைப் பாறை என்றால் ஒரு காரின் அளவாவது இருக்க வேண்டும். இருவர் தோள் கொடுத்துத் தள்ளினாலும் அசையக் கூடாது. கட்டுவதற்கு 10 மில்லி ஸ்டேட்டிக் கயிறு 20 மீட்டர் எடுத்துப் போங்கள். இங்கே நீளாத கயிறுதான் நல்லது, நீண்டு நீண்டு விளிம்பில் அறுபடாது.

எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும்போது கோணத்தைக் கவனியுங்கள். அந்தப் புள்ளிக்கு வரும் இரண்டு கயிறுகளுக்கு இடையே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றிலும் எடையில் 58 சதவீதம் வரும். 90 டிகிரியில் 71. 120 டிகிரியில் ஒவ்வொன்றிலும் முழு எடையும் விழும், அதாவது இரண்டு கட்டியும் ஒன்றுக்குச் சமம். அந்த மையப் புள்ளி பாறை விளிம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். அதில் இரண்டு பூட்டுக் காரபைனர்களை வாய் எதிரெதிராக வரும்படி மாட்டுங்கள். விளிம்பில் வேலை செய்யும்போது முதலில் உங்களைக் கட்டிக்கொள்ளுங்கள். நங்கூரம் கட்டப் போய்த் தவறி விழுகிறவர்கள் உண்டு.

கீழே வந்ததும் கயிற்றின் மறுமுனையில் ஒரு முடிச்சுப் போடுங்கள். பாறை நினைத்ததைவிட உயரமாக இருந்தால், நண்பரை இறக்கும்போது கயிறு முனை பிலே கருவிக்குள் வழுக்கி வெளியே போய்விடும், அவர் விழுந்துவிடுவார். இந்த ஒரு முடிச்சு அதைத் தடுக்கும்.

கே: நண்பர் 85 கிலோ, நான் 55. நான் கயிறு பிடிக்கலாமா?
— கல்லூரி மாணவி, திருப்பதி

பிடிக்கலாம், உங்களையும் தரையில் கட்டிக்கொண்டால். ஹார்னஸின் முன் வளையத்திலிருந்து ஒரு ஸ்லிங்கைப் பின்னால், உங்களுக்கும் பாறைக்கும் நேர்கோட்டில் இருக்கும் மரத்திலோ பாறையிலோ மாட்டுங்கள். தளர்ச்சி ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். பாறையடியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நில்லுங்கள். தள்ளி நின்றால் அவர் விழும்போது உங்களைத் தரதரவென்று இழுத்துப் பாறையில் மோத வைப்பார். பிரேக் கை, அதாவது பிலே கருவியிலிருந்து வெளிவரும் கயிற்றைப் பிடித்திருக்கும் கை, எந்த நேரத்திலும் கயிற்றை விடக் கூடாது; மூக்கு அரித்தாலும் மற்றக் கைதான். ஏறும் முன் அவர் ஹார்னஸில் கயிற்றைக் கட்டிய எட்டு வடிவ முடிச்சை நீங்களும், உங்கள் கருவியும் காரபைனர் பூட்டும் சரியா என்று அவரும், ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். முடிச்சில் மிஞ்சும் வால் ஒரு சாண் நீளமாவது இருக்க வேண்டும்.

கே: மலை இறக்கத்தில் பின் பிரேக் பிடிக்காமல் போகிறது. சுமையோடு போகும் முன் வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— பால் வியாபாரி, பேரணாம்பட்டு

வி.கோட்டா போகும் மலைப்பாதையில் நீங்கள் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறீர்கள் என்று தெரிகிறது. டிரம் சூடேறினால் லைனிங் பிடி விட்டுவிடும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர், 2 அல்லது 3. வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும். வளைவுக்கு முன் பிரேக்கைப் பிடித்து விடுங்கள். கிளட்சை அழுத்தி உருட்ட வேண்டாம். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பிரேக் ஆயில் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவைத்து, சூட்டில் கொதித்து, லீவரைப் பஞ்சு மாதிரி ஆக்கிவிடும்.

டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பல வண்டிகளில் பின் டயருக்கு ஒருவர் என்றால் 28, இருவர் என்றால் 32 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு உரிய அளவு செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். செயின் தளர்ச்சி பெரும்பாலும் 25 முதல் 35 மில்லி. அதை ஆளும் சுமையும் ஏறி உட்கார்ந்த பிறகு ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கம்பியாக இறுகியிருந்தால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி ஏற்றுங்கள். கிளட்ச் கேபிள் ஒன்று, 10, 12, 14, 17 ஸ்பானர், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்று பம்ப் இருந்தால் போதும். பாறையடியில் மணலில் நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள்.

கே: பெரிய பையும் கயிறுமாகப் போனால் வனத்துறையோ போலீஸோ நிறுத்துவார்களா?
— சுமை ஆட்டோ ஓட்டுநர், சத்தியவேடு

நிறுத்துவார்கள். செம்மரம் இருக்கும் காடு இது. தமிழ் பேசும் இளைஞர்கள் பையோடு, விடியற்காலையில், காட்டோரம் நின்றால் சந்தேகப்படுவார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத்துக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மறக்கவில்லை. சேஷாசலத்திலும் திருப்பதி மலையடிவாரக் காடுகளிலும் ஏறுவதற்காக நுழையவே நுழையாதீர்கள். மற்ற இடங்களிலும் காப்புக்காடு என்றால் அந்த வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பாறை பட்டா நிலத்தில் இருந்தால் நிலத்துக்காரரிடம் கேளுங்கள். வழியில் நிறுத்தினால் பையைத் திறந்து கயிறையும் ஹார்னஸையும் காட்டி, ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றையும் டிஜிலாக்கரிலாவது எடுத்துக் கொடுங்கள். அரிவாள், கோடரி எதுவும் பையில் இருக்கக் கூடாது, விறகு வெட்டக்கூட.

பலமனேர், குப்பம் இடையே கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் மாலையில் சாலையைக் கடக்கும். யானை தெரிந்தால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, வண்டியைத் தள்ளியே நிறுத்தித் திருப்பிக்கொண்டு போங்கள்.

கே: பாறையில் பாம்பு கடித்தால், தேனீ கொட்டினால் என்ன செய்வது?
— மருந்துக்கடை ஊழியர், திருத்தணி

பாறைவெளியில் சுருட்டை விரியன் அதிகம். இடுக்கில் பார்க்காமல் விரலை விடாதீர்கள். வெயில் ஏறும் முன் பாறையடிக் கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் ஒரு கட்டையோடு வைத்துத் துணியால் சுற்றுங்கள். நடக்க விடாதீர்கள். தமிழ்நாடு, ஆந்திரா இரண்டிலும் 108 தான். விஷமுறிவு மருந்து இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். திருப்பதி ரூயா, வேலூர் சிஎம்சி, குப்பம் பிஇஎஸ் மூன்றில் எது கிட்டே என்று கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். பாறையடியில் செல்போன் சிக்னல் கிடைக்காவிட்டால், வரும் வழியில் கடைசியாக எங்கே கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேனீ துரத்தினால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். வண்டியோ அடர்ந்த புதரோ, எது பக்கமோ அங்கே. மேலே ஒருவர் கயிற்றில் இருந்தால் அவரை இறக்கிய பிறகுதான் கீழே நிற்பவர் ஓடலாம். அதனால்தான் கயிறு பிடிப்பவர் முழுக்கைச் சட்டையும், தலையையும் கழுத்தையும் மூட ஒரு துண்டும் வைத்திருக்க வேண்டும். கொடுக்குகளை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். உதடு வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், ஒரே நேரத்தில் நிறையக் கொட்டியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கொட்டு வாங்கியவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.